மழைத்தண்ணீர் எப்படிக் கொல்லும்?

மேற்கு சியாட்டிலில் எங்கள் தெரு ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. கிழக்கே இறங்கினால் லாங்ஃபெல்லோ ஓடை. பெயரைக் கேட்டு ஏதோ பெரிய ஆறு என்று நினைத்துவிட வேண்டாம். கோடையில் கணுக்கால் நனைகிற அளவுதான் தண்ணீர் இருக்கும். வீடுகளின் கொல்லைப்புறம், பிளாக்பெர்ரி முள்புதர், ஒரு கோல்ஃப் மைதானம் என்று எல்லாவற்றையும் ஒட்டி வந்து, கடைசியில் ஓர் இரும்பாலைக்கு அடியில் குழாய்க்குள் புகுந்து டுவாமிஷ் ஆற்றில் போய்ச் சேருகிறது. கடலிலிருந்து வருகிற சால்மன் அந்த இருட்டுக் குழாய்க்குள் எதிர்நீச்சல் போட்டுத்தான் மேலே வர வேண்டும். வருகிறது.

இங்கே வருகிற வகைக்குக் கோஹோ என்று பெயர். நன்னீரில் பிறந்து, ஒரு வருடம் போல அங்கேயே வளர்ந்து, பசிபிக் கடலுக்குப் போய் ஒன்றரை வருடம் தின்று கொழுத்து, மூன்றாம் வயதில் மழைக்காலம் தொடங்கியதும் திரும்பி வரும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிடும். பிறகு ஆணும் பெண்ணும் செத்துப்போகும். அதன் பிறவிக்கணக்கு அவ்வளவுதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. முட்டையிடுவதற்கு முன்னாலேயே செத்தால்தான் விஷயம் வேறு.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தன்னார்வலர்கள் சிலர் இந்த ஓடையில் இறங்கிச் செத்த மீன்களைக் கணக்கெடுப்போம். நானும் போகிறேன். என்னோடு ஜோடியாக வருபவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, வாயில் மிட்டாயையும் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். மீனைக் கண்டால் முதலில் நீளம் அளக்க வேண்டும். முதுகின் பின்பக்கம் இருக்கும் சின்னத் துடுப்பு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டியிருந்தால் அது பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட மீன். பிறகு கத்தியால் வயிற்றைக் கீற வேண்டும். முட்டையிட்ட மீனின் வயிறு காலிப் பை போலத் தொங்கும். இடாத மீனாக இருந்தால் கத்தி படும்போதே ஆரஞ்சு நிறத்தில் பட்டாணி அளவு முட்டைகள் பொலபொலவென்று கையில் கொட்டும். இரண்டாயிரம், மூவாயிரம் இருக்கும். எழுதிக்கொள்கிற தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. எல்லாம் முடிந்ததும், அடுத்து வருகிறவர்கள் அதே மீனை மறுபடி எண்ணிவிடாமலிருக்க, வாலை வெட்டிவிட்டு ஓடையிலேயே போட்டுவிடுவோம்.

போன வருடம் அம்மா வந்திருந்தபோது என் போனில் இருந்த படங்களைப் பார்த்தார். அம்மா நாகப்பட்டினத்துக்காரர். மீன் ஆய்வதில் எனக்குத் தெரிந்த எந்த விஞ்ஞானியும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

“சினை மீனுடீ இது. செவுளெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எதுக்கு செத்துச்சு? சாக்கடை கலக்குதா அங்க?”

“இல்லம்மா. மழைத்தண்ணிதான்.”

“மழைத்தண்ணி எப்பிடிடீ கொல்லும்?”

நியாயமான கேள்வி. சென்னை மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு மழைநீர் வடிகாலைப் பார்க்கிறவர்களுக்கு அதில் ஓடுவதில் பாதி சாக்கடை என்று சொல்லாமலே தெரியும். ஆனால் லாங்ஃபெல்லோவில் மீன் செத்தது கழிவுநீரால் அல்ல. எங்கள் பக்கத்தில் தெரு ஓரத்துக் கம்பிவலை வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் எந்தச் சுத்திகரிப்புக்கும் போகாமல், குழாய் வழியாக நேரே ஓடைக்குப் போகிறது. மழைத்தண்ணீர்தானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் கட்டியது.

தொண்ணூறுகளின் கடைசியில் சியாட்டில் நகரம் இந்த மாதிரி ஓடைகளைச் சீரமைக்க நிறையச் செலவு செய்தது. தடுப்புகளை எடுத்து, கரையில் மரம் நட்டு, சரளை போட்டார்கள். மீனும் நம்பி வந்தது. வந்த மீன் முட்டையிடாமல் சாக ஆரம்பித்தது. 2002 முதல் 2009 வரை லாங்ஃபெல்லோவில் ஆராய்ச்சியாளர் நேட் ஷோல்ஸ் குழுவினர் எடுத்த கணக்கில், ஒவ்வொரு வருடமும் வந்த பெண் மீன்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையோடு செத்திருக்கின்றன. அதே காலத்தில் நகரத்துக்கு வெளியே ஒரு காட்டு ஓடையில் பார்த்தபோது ஒரு சதவீதம்கூட இல்லை. சாகிற விதமும் விசித்திரம். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு வட்டமடிக்கும், துடுப்பு விறைத்து விரிந்துகொள்ளும், நிலை தவறிப் பக்கவாட்டில் சாயும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மழை பெய்த மறுநாள்தான் இது அதிகம். அதுவும் பல நாள் காய்ந்து கிடந்த பிறகு வருகிற மழை என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, தண்ணீரில் எது? முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது செம்பு, துத்தநாகம், எண்ணெய்ப் பிசுக்கு போன்ற வழக்கமான குற்றவாளிகளை. ஆராய்ச்சியாளர்கள் அவற்றையெல்லாம் கலந்து செயற்கையாக ஒரு சாலைத் தண்ணீர் தயாரித்து மீனை விட்டார்கள். மீன் சௌகரியமாக நீந்தியது. பிறகு சியாட்டில் 520 நெடுஞ்சாலையிலிருந்து வடிகிற நிஜ மழைத்தண்ணீரைப் பிடித்து, சுக்வாமிஷ் பழங்குடியினரின் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதில் கோஹோவை விட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் செத்தன. அதே தண்ணீரை மணலும் மக்கு உரமும் கலந்த மண் வழியாக வடியவிட்டுக் கொடுத்தபோது ஒன்றுகூடச் சாகவில்லை. விஷத்தின் பெயர் யாருக்கும் தெரியாத காலத்திலேயே மருந்து கையில் இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விஷத்தின் பெயர் 2020 டிசம்பரில் வெளிவந்தது. பக்கத்து ஊர்களான புயாலப்பில் ஜெனிஃபர் மெக்கின்டயர், டக்கோமாவில் எட்வர்ட் கொலோட்ஜெய், அவரிடம் வேலை பார்த்த ஜென்யூ டியான் ஆகிய ஆராய்ச்சியாளர்களும் இன்னும் பலரும் சேர்ந்து செய்த வேலை. காரிலிருந்து உதிர்கிற, வடிகிற பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, டயர் தூளை ஊறவைத்த தண்ணீர்தான் மீனைக் கொல்கிறது என்று பிடித்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் 2,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். பிரித்துப் பிரித்து, மீனைக் கொன்ற பாதியை மட்டும் மறுபடி பிரித்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றார்கள். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள். டயரில் போடுகிற 6பிபிடி என்ற ரசாயனத்தில் இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் இது வரும் என்று டியானுக்குப் பிறகுதான் பொறி தட்டியது. 6பிபிடி-குவினோன்.

டயர்க்காரர்கள் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. காற்றில் இருக்கிற ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு விழச் செய்யும். 6பிபிடி மேற்பரப்புக்கு வந்து அந்த ஓசோனைத் தானே வாங்கிக்கொண்டு ரப்பரைக் காப்பாற்றும். அப்படி வாங்கிக்கொண்ட பிறகு அது குவினோனாக மாறிவிடுகிறது. 1960களிலிருந்து ஏறக்குறைய எல்லா டயரிலும் இருக்கிறது, சென்னையில் ஓடுகிற ஆட்டோ உட்பட. லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தால் ஒரு நாளுக்குள் பாதிக் கோஹோ செத்துவிடும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றின் 25 லட்சம் லிட்டர் தண்ணீரில் கால் கிராமுக்கும் குறைவாகக் கலந்தாலே போதும் என்று அர்த்தம். இன்னொரு புதிர், சம் என்கிற மற்றொரு சால்மன் வகை இதே தண்ணீரில் ஒன்றும் ஆகாமல் நீந்துகிறது. என் வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கிவிட்டு ஓடையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மின்சாரக் கார் எடை அதிகம், டயர் சீக்கிரம் தேயும் என்று சொன்ன அன்று சாப்பாட்டு மேஜையில் சத்தமே இல்லை.

2023 ஆகஸ்டில் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடி அரசுகள் டயரில் இந்த ரசாயனத்தைத் தடை செய்யச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையிடம் மனு கொடுத்தன. நவம்பரில் முகமை மனுவை ஏற்றுக்கொண்டது. இந்தப் பகுதிப் பழங்குடியினருக்குச் சால்மன் வெறும் உணவு அல்ல, சட்டப்படி உரிமை. 1850களின் ஒப்பந்தங்கள் தந்த மீன்பிடி உரிமைப்படி, பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரை அவர்களுக்கு என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாவிட்டால் பாதிக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனுவை ஏற்றுக்கொள்வது வேறு, மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பது வேறு. டயர் வெடித்து ஆள் சாகாமலும் இருக்க வேண்டுமே.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்கும் சில நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு. டயரை மாற்றிவிட்டால் ஓடை பிழைத்துவிடும் என்கிறார்கள் அவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஷம் ஒரு நோய், தண்ணீரின் வேகம் இன்னொரு நோய். காடாக இருந்தபோது பெய்த மழையில் பெரும்பகுதியை மரமும் பாசியும் மண்ணும் குடித்துவிடும். ஓடைக்கு நிதானமாக, பல நாள் எடுத்துக்கொண்டு வரும். இப்போது கூரை, தார் ரோடு, கார் நிறுத்துமிடம். எங்கள் வீட்டுக் கூரை சுமார் 140 சதுர மீட்டர். ஓர் அங்குலம் மழை பெய்தால் 3,500 லிட்டர். கூரைத் தண்ணீரில் டயர் தூள் இல்லைதான். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான கூரைகளின் தண்ணீர் குழாய் வழியாக ஒரே மணி நேரத்தில் போய் ஓடையில் விழுந்தால், மீன் முட்டையிட்ட சரளையையே அடித்துக்கொண்டு போய்விடும். கரை அரித்து, ஓடை பள்ளமாகும். கோடையில் ஊற்று இல்லாமல் வறளும். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு நிலம் இப்படித் தண்ணீர் இறங்காமல் மூடப்பட்டு ஓடையோடு இணைந்துவிட்டாலே ஓடைப் படுகை நிலைகுலைய ஆரம்பிக்கிறது என்று இந்த மாநிலத்தில் தொண்ணூறுகளிலேயே டெரெக் பூத் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினார். அப்போது குவினோனும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

அதனால் தெருவுக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கிற அந்த நேர்க்குழாயை உடைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நடுவில் மண் வர வேண்டும்.

இது சாத்தியம் என்று காட்டிய தெரு ஒன்று சியாட்டிலின் வடக்கே இருக்கிறது, பைப்பர்ஸ் ஓடைக்குத் தண்ணீர் போகிற பக்கம். 2001இல் நகராட்சி இரண்டாம் அவென்யூவில் 660 அடி நீளத்துக்குச் சாலையை 14 அடியாகக் குறுக்கி, பாம்பு போல வளைத்து, இரண்டு பக்கமும் பள்ளமான தோட்டங்கள் போட்டது. பிறகு அளந்து பார்த்தால், முன்பு அந்தத் தெருவிலிருந்து ஓடிப்போன தண்ணீரில் 98 சதவீதத்துக்கும் மேல் நின்றுவிட்டது. நான் போய் நடந்து பார்த்திருக்கிறேன். யாராவது சொல்லாவிட்டால் அழகான தெரு என்று மட்டும்தான் நினைப்போம். ஃப்ரீமான்ட் பகுதியில் அரோரா பாலத்தின் கீழேயும் இதே மாதிரித் தோட்டங்கள், பாலத்திலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரை வாங்கிக்கொள்கின்றன. அங்கே குழாய் திறந்து விழுகிற இடத்தில் மழையன்று நின்று பார்க்க வேண்டும், மேலே நுரையோடு மை மாதிரி வரும்.

எங்கள் வீட்டு முன்னால் ஒரு சின்ன ரெயின் கார்டன், அதாவது மழைத்தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிற பள்ளத் தோட்டம், இருக்கிறது. கூரைக் குழாயைத் தெரு வடிகாலிலிருந்து கழற்றி அதில் திருப்பிவிட்டிருக்கிறோம். குழி தோண்டும் முன் தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சியாட்டிலில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே பனியாறு அழுத்திவிட்டுப் போன கெட்டித் தரை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அங்கே தண்ணீர் இறங்காது. செங்குத்துச் சரிவின் விளிம்பிலும் போடக்கூடாது, சரிவு வழுக்கிக்கொண்டு அண்டை வீட்டுக்குப் போய்விடும். எங்களுடையது சமதளம், பிழைத்தோம்.

“கொசு வராதா?” என்பது அம்மாவின் முதல் கேள்வி. எந்தத் தமிழரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தண்ணீர் ஓரிரு நாளில் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கொசுப்புழு வளர்ந்து பறக்க அதைவிட நாள் வேண்டும். மூன்றாம் நாளும் தண்ணீர் நின்றால் தோட்டத்தில் கோளாறு என்று அர்த்தம்.

மண் கலவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழக்கமான கலவை 60 பங்கு மணல், 40 பங்கு மக்கு உரம். விஷத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் உரத்திலிருந்து பாஸ்பரஸ் கொஞ்சம் கசியும். ஏரிப் பக்கம் போகிற தண்ணீருக்கு அது ஆகாது, பாசி பிடிக்கும். அதற்காக வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு கலவையைச் சோதித்துக் கொண்டுவந்தார்கள்: 70 பங்கு மணல், 10 பங்கு மரக்கரி, மிச்சம் 20 பங்கு தேங்காய் நார்த்தூள். ஆமாம், நம் தேங்காய்தான். நர்சரியில் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டிய நார்த்தூளைக் காட்டி விலையைச் சொன்னபோது அம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

“மட்டையை உரிச்சுக் கொல்லையில போடுவமே, அந்தத் தூளா? இதுக்கா இவ்வளவு காசு?”

வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். செங்கல் பொங்கிப் பொங்கி வாளி நிறைய வந்தது. அம்மா கையை விட்டு அளைந்து, உதிர்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, உப்புப் போகக் கழுவியிருக்கிறார்களா என்று கேட்டார். மட்டையை உப்பங்கழித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் தூளில் உப்பு ஏறிவிடும், செடி கருகும். சரியான கேள்வி, பையில் கழுவியது என்று போட்டிருந்தது.

எங்கள் தெரு ஓரத்தில் நகராட்சி போட்ட பெரிய தோட்டங்களும் இருக்கின்றன. சாலைத் தண்ணீர் உள்ளே போக ஓரக்கல்லில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்டிருப்பார்கள். கோரையும், குளிர்காலத்தில் தண்டு சிவக்கிற ஒரு புதரும் நட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் கார் நிறுத்த இடம் போச்சு என்று தெருவில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது. என் கவலை கார் அல்ல, அந்த வெட்டு.

இங்கே பெரிய இலை மேப்பிள் மரம் அதிகம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இலை இருக்கும். அது உதிர்வது அக்டோபரில். முதல் பெருமழை வருவதும் அக்டோபரில். கோஹோ வருவதும் அப்போதுதான். நாலு இலை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அந்த வெட்டை அடைத்தால் போதும், தண்ணீர் தோட்டத்தைத் தாண்டி ஓரமாகவே ஓடி, பத்தடி தள்ளியிருக்கும் கம்பிவலையில் விழுந்துவிடும். ‘பியூஜெட் சவுண்ட் (எங்கள் ஊர்க் கடல்) இங்கே தொடங்குகிறது’ என்று மீன் படம் போட்டிருக்குமே, அந்த வலைதான். கோடை முழுக்கச் சேர்ந்த டயர் தூளோடு, வடிகட்டாமல், நேரே லாங்ஃபெல்லோவுக்கு. எவ்வளவு செலவழித்துக் கட்டிய தோட்டமாக இருந்தாலும் அன்றைக்கு அது வெறும் பூச்செடிதான்.

கட்டுவதற்குக் காசு கிடைக்கிறது, படம் எடுத்துப் போடலாம், நாடா வெட்டலாம். ஆண்டுக்கு ஆண்டு களை பிடுங்கவும், வண்டல் வழிக்கவும், இலை வாரவும் ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். தெருமுனை வடிகாலை ஒரு வீட்டுக்காரர் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று நகரத்தில் இருக்கிறது. நான் எங்கள் முனையை எடுத்துக்கொண்டேன். மழை முன்னறிவிப்பு வந்தால் முதல் நாள் சாயங்காலம் வாரியோடு இறங்கிவிடுவேன். அள்ளிய இலையில் பாதி என் செடிகளுக்கு மூடாக்கு, மீதி நகராட்சியின் மக்கும் குப்பைத் தொட்டிக்கு.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் காற்றடிக்கும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, தன் புல்தரையில் விழுந்த அத்தனை இலையையும் ஊதி ஊதித் தெரு ஓரத்துக்கு, சரியாக அந்த வெட்டுக்கு நேரே தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார். நல்ல மனிதர், என் மகளுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவர். மீனைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார், அடுத்த சனிக்கிழமை மறுபடி ஊதுவார். போன தீபாவளிக்குக் கொடுத்த மைசூர்பாகு பிரமாதம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் தீபாவளி வரைக்கும் காத்திருக்காமல் முதல் மழைக்கு முன்னாலேயே ஒரு டப்பா கொடுத்துவிட்டு, கூடவே ஒரு வாரியும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.